ஒரு நாள் கிடைத்தால் எந்த ஊர்?

நாளைக்குப் போயா. மலைக்கு வேலையில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. முதல் நாள் மாலையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “எங்கயாச்சும் போயிட்டு வருவோமா?” பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டவுனிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது எழும் கேள்வி இது. பதில் சொல்வதில்தான் சிக்கல். ஊவா மாகாணத்தில் பார்க்க இடமில்லாமல் இல்லை; இருப்பவை ஒரு நாளுக்குள் அடங்காதவை.

வழக்கமாக நடப்பது இதுதான். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். விடியற்காலையில் துன்ஹிந்த அருவி, அங்கிருந்து எல்ல, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம், ராவணா அருவியில் ஒரு கால் மணி நேரம், பண்டாரவளையில் சாப்பாடு, மூன்று மணிக்கு ஹப்புத்தளை. அதற்குள் அங்கே பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இரவு எட்டு மணிக்குத் தூங்கிய பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார்கள். மறுநாள் கேட்டால் எந்த ஊரைப் பற்றியும் நாலு வரி சொல்ல வராது. வேனுக்குக் கொடுத்த பணம் மட்டும் நினைவிருக்கும்.

ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். அந்த ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. இயற்கைக் காட்சிகளை இங்கே சற்றுத் தள்ளி வைப்போம். மலையும் பனியும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. ஆனால் பழைய ஊர்கள் அப்படியில்லை. அவற்றின் கதை தெரிந்து போனால் ஒரு சந்தியும் ஒரு சுவரும்கூடப் பேசும். தெரியாமல் போனால் அவை வெறும் சந்தியும் சுவரும்தான்.

இந்தத் தேர்வுச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கேள்வி வருகிறது. லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் பெரிய ரயில் நிலையங்கள் இருக்கின்றன. வடக்கு நிலையத்துக்கு அடுத்ததான கிழக்கு நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ப்ரோவன் என்ற சிறு நகரத்தில் இறங்கலாம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வணிகர்கள் கூடிய சந்தை நகரம் அது; 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மதில், கோபுரம், வணிகர்கள் சரக்கு வைத்த நிலவறைகள் எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கும். பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சு 1985 முதல் இத்தகைய ஊர்களுக்குக் ‘கலை, வரலாற்று நகரம்’ என்ற தகுதியை வழங்கி வருகிறது. தகுதி பெற்ற ஊர் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளை வைத்திருக்க வேண்டும். தன் கதையை வருபவருக்குச் சொல்ல வேண்டும். ஊவாவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஊரின் கதையை நாமேதான் தேடிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

தேடலைப் பதுளையிலிருந்தே தொடங்கலாம். பசறை, லுணுகலை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வருகிறவர்கள் கச்சேரி, ஆஸ்பத்திரி, வங்கி, சந்தை என்று வேலை முடித்துக்கொண்டு பஸ் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். பார்ப்பதற்கென்று யாரும் பதுளைக்கு வருவதில்லை. ஊவாவில் மிகப் பழைய வரலாறு கொண்ட ஊர்களில் ஒன்று இப்படிக் கண்ணுக்கு முன்னாலேயே விடுபட்டுப் போகிறது.

பதுளைப் பொது நூலக வளாகத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகியங்கனைக்கு அருகே சொரபொர குளத்துப் பக்கம் கிடைத்து, பிறகு பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் பொறித்திருப்பது போர் வெற்றியோ அரசனின் புகழோ இல்லை. ஹோப்பிட்டிகம என்ற ஒரு சந்தை ஊரின் சட்டதிட்டங்கள். அதிகாரிகள் முறை தவறி வரி வாங்குகிறார்கள் என்று அந்த ஊரின் வணிகரும் குடிமக்களும் அரசனிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள். அரசன் கேட்டு, இன்னின்னது செய்யலாம், இன்னின்னது கூடாது என்று கல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறான். ப்ரோவனின் பெருஞ்சந்தைகளுக்கும் முந்தியது இந்தக் கல். சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்து, தராசில் ஏமாறாமல் விற்றுப் போக வேண்டுமே என்று கவலைப்படுகிற எவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பள்ளி ஆசிரியர் தன் வகுப்பைக் கூட்டிவந்து காட்டுவதற்கு இந்த ஒரு தூணே போதும்.

நூலகத்திலிருந்து முதியங்கணை விகாரைக்கு நடந்தே போகலாம். புத்தர் காலடி பட்டதாகப் பௌத்தர்கள் நம்பும் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்று அது. நகருக்குள்ளேயே கதிர்காமத் தேவாலயமும் இருக்கிறது. ஆடியில் கதிர்காமத்துக்குப் போக முடியாத தோட்டத்துக் குடும்பங்கள் இங்கே வந்து முருகனை நினைத்துக் கும்பிடுவதுண்டு. சிங்களவரும் தமிழரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றும் இடம் அது.

வெள்ளைக்காரன் விட்டுச்சென்றதும் அருகிலேயே இருக்கிறது. புனித மாற்கு ஆலயம் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்து பாதைகள் போட்டவர் அவர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்றும் அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. 1845 ஜூன் மாதம், ஹப்புத்தளையில் இடியும் மழையுமான ஒரு நாளில், மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊர் பேசியது, இன்றும் பேசுகிறது. அவர் உடல் நுவரெலியாவில் புதைக்கப்பட்டது. நினைவுக்கு எழுப்பிய ஆலயம் மட்டும் பதுளையில்.

ஊவா என்ற மாகாணமே 1886இல்தான் உருவானது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னால், 1817–18இல், இந்த மண் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தது. ஊவா-வெல்லஸ்ஸ கிளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது நடந்தது இந்தப் பள்ளத்தாக்குகளில். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல, அரசாங்கப் பக்கத்தை விட்டுக் கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆம் தேதி கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. கிளர்ச்சியை முறியடிக்க வயல்களையும் கிராமங்களையும் எரித்தார்கள். இந்த மலைச் சரிவுகளில் தேயிலை வந்ததும், அதைப் பறிக்க இந்தியாவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்ததும் அதற்குப் பிந்திய கதை. பதுளையை முதலில் பார்த்தால் அந்த வரிசை மனதில் நிற்கும். கல்தூண், விகாரை, தேவாலயம், மாற்கு ஆலயம், வெலேகடையின் பழைய சந்தைக் கட்டடம் எல்லாவற்றையும் பார்த்தாலும் பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். கால் ஓய்ந்தவர்கள் வீடு திரும்பலாம். மற்றவர்கள் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துன்ஹிந்தவுக்குப் போய் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்க்கலாம். பஸ் இறங்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

பக்கத்திலுள்ள ஹாலி-எலவை ஒரு காரியத்துக்காகவாவது நினைக்க வேண்டும். மலையகத் தமிழ் எழுத்தின் மூத்தவர்களில் ஒருவரான தெளிவத்தை ஜோசப் பிறந்தது அந்தப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், 1934இல். தன் பெயருக்கு முன்னால் அவர் வைத்துக்கொண்ட ‘தெளிவத்தை’யும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தின் பெயர்தான். லயத்து வாழ்க்கையை லயத்துக்குள்ளிருந்து எழுதியவர், 2022இல் காலமானார். ஒரு தோட்டத்தின் பெயரைத் தன் பெயராக்கி, அந்தத் தோட்டத்தை இலக்கிய வரைபடத்தில் இருத்தியவருக்கு அந்த மண்ணில் ஒரு நினைவுப் பலகை இருப்பது பொருத்தம்.

இனி ரயில் ஏறலாம். பழைய ஆட்கள் ‘கோச்சி’ என்பார்கள். தண்டவாளம் 1893இல் ஹப்புத்தளைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. இடையில் முப்பது ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம் என்பதற்கான பதில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் கண்ணுக்கு எதிரே நிற்கிறது.

எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை 680 மீட்டர். இடையில் மலை செங்குத்தாக இறங்குகிறது. ரயிலோ அப்படி இறங்க முடியாது. 44 அடி ஓடினால் ஓர் அடி இறங்கலாம், அதுதான் இந்தப் பாதையின் எல்லை. ஆகவே பள்ளத்தைக் கடக்க ஒரு பாலமும், உயரத்தைக் குறைக்க ஒரு சுற்றும் தேவைப்பட்டன. பாலம்தான் இன்று உலகமே வந்து படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம்: 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும். முதலாம் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால் இரும்பில்லாமலே கட்டினார்கள் என்று சொல்வார்கள். சுற்று என்பது தெமோதரையில் இருக்கிறது. ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகும் வண்டி மலையை ஒரு வட்டமாகச் சுற்றி இறங்கி, தான் இப்போது நின்ற நிலையத்துக்கே அடியில், 42ஆம் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது.

அந்தச் சுற்றுக்கு ஒரு கதை உண்டு. எப்படி இறக்குவது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். துணி ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே போய்ச் சொருகிக்கொண்டதைக் கண்டதும் விடை கிடைத்துவிட்டதாம். நடந்ததோ இல்லையோ, தெமோதரை மக்கள் இன்றும் சொல்லும் கதை. மலையகப் பாதையைப் பற்றிப் புத்தகங்களில் துரைமாரின் பெயர்கள் நிறைய உண்டு. கல் உடைத்தவர், மண் சுமந்தவர் பெயர்கள் கிடையாது. அவர்களில் பெரும்பகுதி தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். ஊர் வாய் தன் கதையில் ஒரு கங்காணியின் தலைப்பாகையையாவது சேர்த்துக்கொண்டது.

பழைய ஊர் என்று தேடுகிறவருக்கு எல்ல ஏமாற்றம் தரலாம். அது இன்று விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த ஒரே ஒரு வீதி. தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த வண்டி சுற்றி வந்து காலடியில் நுழைவதைப் பார்த்துவிட்டு, பாலம் வரை போய்த் திரும்புவது பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நல்ல நாள். செலவும் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: தண்டவாளத்தில் நடக்கும் பழக்கம் இங்கே பெருகிவிட்டது. வளைவுகளில் வண்டி வருவது கடைசி நிமிடம் வரை தெரியாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒற்றையடிப் பாதையையே பிடிக்க வேண்டும்.

பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பண்டாரவளை வியாபார ஊர். ஞாயிற்றுச் சந்தை பார்க்கலாம், 1893இல் தொடங்கிய பழைய ஹோட்டலின் முன் நின்று தோட்டத் துரைமாரின் காலத்தை எண்ணிப் பார்க்கலாம். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் வீதியில் தோவ குகை விகாரை இருக்கிறது. பாறையில் பாதி செதுக்கி விடப்பட்ட, 38 அடி உயரமான புத்தர் சிலை அங்கே நிற்கிறது.

தியத்தலாவையின் கதை வேறு. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 கைதிகளை 1900இல் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். தென்னாபிரிக்கப் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள் ஊவாவின் பனியில் தகரக் கொட்டகைகளில் காலம் கழித்தார்கள். போர் முடிந்ததும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். மறுத்தவர்களில் எங்கல்பிரெக்ட் என்பவர் இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் முதல் காவலராகி, இங்கேயே இறந்தும் போனார். தியத்தலாவை இன்று ராணுவப் பயிற்சி ஊர். நினைத்த இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க முடியாது. எனவே நாள் முழுவதையும் அங்கே வைக்க வேண்டாம். ரயிலில் கடக்கும்போது பிள்ளைகளுக்குக் கதையைச் சொன்னால் போதும்.

ஹப்புத்தளை என்று எழுதினாலும் மூத்தவர்கள் வாயில் அது அப்புத்தளை. 1,400 மீட்டருக்கு மேல், ஒரு மலை முதுகில் குந்தியிருக்கும் ஊர். பிரதான வீதியில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் தெற்குச் சமவெளி காலடியில் கிடக்கிறது. மறுபக்கம் திரும்பினால் ஊவாவின் தேயிலை மலைகள். காலை பத்து மணிக்குப் பிறகு இந்த இரண்டு பக்கமும் பனிக்குள் போய்விடும். ஆகவே ஹப்புத்தளைக்குப் போகிறவர் நேரத்தோடு போக வேண்டும்.

ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் தம்பேதன்ன தோட்டம். கிளாஸ்கோவில் மளிகைக் கடைகள் நடத்திப் பணக்காரரான தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கெல்லாம் கோப்பி. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அடியோடு அழித்தது. தோட்டங்கள் மலிவு விலைக்குப் போயின. வாங்கியவர்கள் தேயிலை நட்டார்கள். லிப்டன் இடைத்தரகர்களை விலக்கி, தோட்டத்துத் தேயிலையைச் சிறு பொட்டலங்களில் நேரடியாகத் தன் கடைகளில் விற்றார். பிரிட்டனின் ஏழைத் தொழிலாளியும் நல்ல தேநீர் குடிக்க முடிந்தது. அந்த மலிவின் மறுபக்கம் இங்கே, எட்டடிக்குப் பத்தடி லயக் காம்பராக்களில் வாழ்ந்தது.

தம்பேதன்ன தேயிலை ஸ்டோர் 1890இல் கட்டப்பட்டது, இன்றும் ஓடுகிறது. கட்டணம் கொடுத்து உள்ளே பார்க்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்து தெரியும், கூடை தெரியும், தராசு தெரியும். ஆனால் ஸ்டோருக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, காற்றுப்பட வைத்து நிறம் மாற விடுவது, சூட்டில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று அம்மா காலையில் கிள்ளிய இலை மறுநாளைக்குள் என்ன ஆகிறது என்பதை ஒரு பிள்ளை கண்ணால் பார்ப்பது, பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதற்குச் சமம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போனால் இன்னொன்றும் கிடைக்கும். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் வீசுகிறது. அந்த வறட்சியில் கொழுந்தில் தனி வாசனை ஏறிப்போகும். உலகச் சந்தையில் ‘ஊவா’ என்ற பெயருக்குக் கூடுதல் விலை கிடைப்பது அந்த வாசனைக்காகத்தான். காற்றடிக்கும் காலத்தில் ஸ்டோர் வாசலில் நின்று மூச்சை இழுத்தால் போதும்.

ஸ்டோரிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே லிப்டன் சீட். லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த முனை. ஓட்டோவில் ஏறி, இறங்கும்போது நடந்தால் களைப்பில்லை. வழியெல்லாம் மலைகளும் லயங்களும் கோவில்களும் பாடசாலைகளும்தான். வெளிநாட்டார் இந்தப் பாதையில் தேயிலைச் செடிகளைப் படம் எடுக்கிறார்கள். அந்தச் செடிகளின் வரிசைகளை வெட்டியவர்கள், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணியோடு புறப்பட்டு, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் வம்சம். அவர்கள் பெயரில் ஒரு ‘சீட்’ எங்கும் கிடையாது. லிப்டன் சீட்டில் நிற்கும் தமிழ்க் குடும்பம் தூரத்துக் கடலைத் தேடுவதோடு, காலடியில் தெரியும் லயங்களையும் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.

ஹப்புத்தளையின் மறுபக்கத்தில், மூன்று கிலோமீட்டரில், அடிஷாம் பங்களா. சேர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற துரை, தான் பிறந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயரை வைத்து 1931இல் கட்டி முடித்த கல் மாளிகை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஜோன் ரஸலின் பேரன் அவர். 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. பழைய நூலகத்தையும் தளபாடங்களையும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பழங்களில் அவர்களே செய்த ஜாம் வாங்கலாம். வார இறுதி, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் பொதுமக்களுக்குத் திறப்பது வழக்கம் என்பதால் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பங்களாவை ஒட்டிய காட்டின் பெயர் தங்கமலை. அரசாங்கத்தின் சரணாலயப் பட்டியலிலும் அந்தத் தமிழ்ப் பெயரோடுதான் இருக்கிறது. துரை தன் கிராமத்தின் பெயரை வீட்டுக்கு வைத்தார். மலைக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

ஹப்புத்தளையிலிருந்து தெற்கே இறங்கும் வீதி கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்குப் போகிறது. 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவி அந்த வழியில். வெல்லவாயவைத் தாண்டினால் புதுருவகல. 51 அடி உயரமான புத்தரும், இருபுறமும் போதிசத்துவர்களுமாக ஏழு உருவங்கள் ஒரே பாறையில். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேலைப்பாடு. பதுளையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் பாதி நாள் வண்டியில் கழியும்.

அந்த வீதியில் போகிறவர்கள் மீரியபெத்தவை நினைக்காமல் போகக் கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, மலை சரிந்து அந்தத் தோட்டத்தின் லயங்களை மூடியது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. சரியக்கூடிய மலை என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. மாற்று இடம் மட்டும் கொடுக்கப்படவில்லை. இதுவும் ஊவாவின் வரலாறு. இன்னும் முடியாத வரலாறு.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத் தண்டவாளம் பல இடங்களில் சிதைந்தது. ஆகவே பயணத்துக்கு முன்னால் பதுளை ஸ்டேஷனில் எந்த வண்டி எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழைக்காலம்; ஏப்ரலிலும் பிற்பகல் இடிமழை உண்டு. அந்த மாதங்களில் பதுளை நகரையே பார்ப்பது பாதுகாப்பு. மற்ற மாதங்களில் ரயில் ஓடினால் ரயில், இல்லாவிட்டால் பண்டாரவளை மாறி பஸ். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் செலவில் பாதி குறையும்.

அப்படியானால் எந்த ஊர்? இதுவரை எங்கும் போகாத குடும்பம் ஹப்புத்தளைக்குப் போகட்டும். காட்சி, ஸ்டோர், துரையின் மாளிகை, தொழிலாளியின் லயம் நான்கும் ஒரே நாளில், ஒரே ஊரில் கிடைப்பது அங்கேதான். சிறு பிள்ளைகள் இருந்தால் தெமோதரை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் பதுளை, அந்தக் கல்தூண்.

ஒன்று பாக்கி இருக்கிறது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. யாரைக் கேட்டு எண்ணினார்கள் என்று இன்றும் மூத்தவர்கள் கேட்கிறார்கள். இந்தியாவுக்கு எழுதப்பட்ட குடும்பங்கள் இந்த மலையக ஸ்டேஷன்களில்தான் தகரப்பெட்டியோடு ரயிலேறினார்கள். தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் கப்பல் நிற்கும்வரை இது தொடர்ந்தது. அக்கா இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் ஏராளம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை மேடைகளில் அன்று எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் இன்றும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அடுத்த போயாவுக்குப் புறப்படுமுன் வீட்டிலுள்ள அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேளுங்கள்: நம் ஆட்கள் முதலில் வந்து இறங்கியது எந்த ஸ்டேஷன், கப்பலேறப் போனவர்களை வழியனுப்பியது எந்த ஸ்டேஷன் என்று. பதில் கிடைத்தால் மேலே சொன்ன தேர்வுகளையெல்லாம் தள்ளி வையுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு முதலில் அந்த ஊருக்குப் போங்கள்.